டைப் செய்யும்போது கர்சர் தாவி ஓடுகிறது, டச்பேடை என்ன செய்யலாம்?

பாதிவரி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடி படங்களுக்கு சப்டைட்டில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. தினமும் ஐந்தாறு மணி நேரம் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்கிறேன். பழைய லேப்டாப் மூச்சை நிறுத்திக்கொண்டதால் மூன்று வாரத்துக்கு முன் புதியதுக்கு மாறினேன். பழையதில் டச்பேட் சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். இதில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைக்கலாம் போல இருக்கிறது. வினையே அங்குதான் என்று நினைக்கிறேன்.

அடிக்கும்போது என் கண் வீடியோவில் இருக்கும், எழுத்தில் இருக்காது. ஒரு வசனத்தை முடித்துவிட்டு எழுத்தைப் பார்த்தால் கர்சர் எப்போதோ நாலு வரி மேலே போய் உட்கார்ந்திருக்கும். கதாநாயகன் "போக" என்று பாதியில் நிறுத்தியிருப்பான். அந்த "லாம்" வில்லன் பேசும் வசனத்தின் நடுவே கிடக்கும். உயிர்மெய்யின் நடுவில் தாவினால் இன்னும் மோசம். க அடித்து ஒ அடிப்பதற்குள் ஓடிவிட்டால் இங்கே மொட்டையாக ஒரு க, எங்கேயோ ஒரு ஒ. படம் பார்ப்பவர்கள் எழுத்துப்பிழை என்று என்னைத்தான் திட்டுவார்கள்.

முந்தாநாள் இரவு பதினோரு வரி ஒரே நொடியில் காணாமல் போனது. கன்ட்ரோல் இசட் போட்டு மீட்டேன். எந்த இடத்தில் எதை அழித்தது என்று புரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. சில சமயம் ரைட் கிளிக் மெனு தானாகவே விரியும்.

நான் செய்து பார்த்தவை: கர்சர் வேகத்தைப் பத்தில் மூன்றாகக் குறைத்தேன். இப்போது எறும்பு மாதிரி ஊர்ந்து போய்த் தப்பான இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எஃப்என் விசையால் டச்பேடை அணைத்தால் நிம்மதி. ஆனால் நிமிடத்துக்கு ஒரு முறை காட்சியின் நேரத்தைச் சரிசெய்ய அது வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை அதன் மேல் வைத்து மூடினேன். கார்டின் வழியாகவும் உணர்கிறது! பேய் பிடித்ததோ என்று பயந்தே போனேன்.

இன்னொன்று. எட்டு மாதக் குழந்தை அதே அறையில் தூங்குகிறது, என் வேலை நேரம் இரவு. டச்பேடை அழுத்தினால் டக் என்று சத்தம் வருகிறது, அதனால் தட்டித்தான் கிளிக் செய்ய வேண்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் வைத்து அடிப்பதால் மவுஸுக்கு இடமும் இல்லை. எனவே மவுஸ் வாங்கு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சும்மா ஒருவன்:

மவுஸ் வாங்குங்கள். சொல்லாதே என்றால்தான் வாய் துறுதுறுக்கிறது, மன்னிக்கவும்.

சரி, இப்போது உருப்படியாக ஒரு கேள்வி. விண்டோஸா, லினக்ஸா? அமைப்புகளில் டச்பேட் பக்கத்தில் "சென்சிடிவிட்டி" என்று ஒன்று இருக்குமே, அது எதில் இருக்கிறது?

பாதிவரி:

விண்டோஸ் 11. சென்சிடிவிட்டி "மோஸ்ட் சென்சிடிவ்" என்பதில் இருக்கிறது. அதை அப்படி வைத்தது நான்தான். மெதுவாகத் தட்டினாலே போதும், சத்தம் வராது என்று நினைத்து வாங்கிய அன்றே மாற்றினேன். அது தப்பா?

நட்டும்போல்ட்டும்:

சகோதரி, கள்வன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். லேப்டாப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது இதே குறையோடு வருவார்கள். முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலக் கர்சர் வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் வருவார்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விரல் ஒரு அங்குலம் நகர்ந்தால் திரையில் அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கும்.

அந்தச் "சென்சிடிவிட்டி" என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. எவ்வளவு லேசாகத் தொட்டால் உணரும் என்பது அதன் வேலை அல்ல. விசைகளை அடித்த பிறகு எவ்வளவு நேரம் டச்பேட் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் அங்கே தீர்மானமாகிறது. விண்டோஸ் 8.1 காலத்தில் இதே இடத்தில் "டிலே" என்றே வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள்: நோ டிலே, ஷார்ட், மீடியம், லாங் என்று நாலு படிகள். பிறகு பெயரை மாற்றினார்கள், குழப்பம் ஆரம்பித்தது. நீங்கள் வைத்திருக்கும் "மோஸ்ட் சென்சிடிவ்" அந்தப் பழைய "நோ டிலே"தான். அதாவது, அடிக்கும்போது உள்ளங்கை பட்டாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் விரலாகவே எடுத்துக்கொள் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். சாதாரணமாக அது "மீடியம்" என்பதில் இருக்கும். உங்கள் வேலைக்கு "லோ" வைத்துப் பாருங்கள். செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், அதற்குள் டேப்ஸ் என்ற பகுதியை விரித்தால் இருக்கும்.

அதே பகுதியில் சின்னச் சின்னக் கட்டங்கள் சில இருக்கும். உங்கள் பதினோரு வரியைத் தின்றது அவற்றில் ஒன்று. அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அம்பு எங்கே போனாலும் எழுதும் கர்சர் நகராது, ஒரு கிளிக் விழுந்தால்தான் நகரும். உள்ளங்கையின் கட்டைவிரல் மேடு ஒரு தரம் பட்டு எழுந்தால் அது ஒரு தட்டு, கர்சர் தாவிவிட்டது. பட்டு எழுந்து, உடனே மறுபடி பட்டு, கொஞ்சம் நகர்ந்தால் "இரண்டு முறை தட்டி இழு" என்று அர்த்தம். நடுவில் இருக்கும் வரிகள் எல்லாம் நீல நிறமாகிவிடும். அடுத்து நீங்கள் அடிக்கும் ஒரே ஒரு எழுத்து அந்த நீலம் முழுவதையும் அழித்துவிட்டு அங்கே உட்காரும். எனவே "டேப் ட்வைஸ் அண்ட் டிராக்" என்ற கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். இரண்டு விரலால் தட்டினால் ரைட் கிளிக் என்பதையும் எடுத்துவிடுங்கள், தானாக விரியும் மெனு நிற்கும். ஒரு விரல் தட்டு மட்டும் இருக்கட்டும், குழந்தை தூங்கட்டும்.

கார்டு வழியாக உணர்ந்ததில் பேய் எதுவும் இல்லை. டச்பேட் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் அருகே வந்தாலே அந்தப் புலம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் அது அளக்கிறது. காகிதம், மெல்லிய அட்டை எதுவும் அதைத் தடுக்காது. தடுப்பது தூரம்தான். தடிமனான ஏதாவது நடுவில் இருந்தால் உணராது.

கடைசியாக இரண்டு கேள்வி. விசைப்பலகையின் வலப்பக்கம் தனியாக எண் விசைகள் இருக்கின்றனவா? சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் அம்பு நடுங்குகிறதா?

பாதிவரி:

ஐயா, படித்துவிட்டு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். நானே எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வாரமாக லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

எண் விசைகள் இருக்கின்றன. சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் தாவுகிறது, நடுக்கம் எதுவும் இல்லை.

நட்டும்போல்ட்டும்:

அப்படியானால் சார்ஜரை விடுங்கள். சில சார்ஜர்களில் எர்த் இணைப்பு இருக்காது. அதிலிருந்து வரும் மின் இரைச்சலால் அம்பு பைத்தியம் பிடித்தது போல ஆடும், உலோக உடம்பைத் தொட்டால் லேசாகக் கூசும். உங்களுடையது அது இல்லை.

எண் விசைகள் இருந்தால் எழுத்து விசைகள் எல்லாம் இடப்பக்கமாக ஒதுங்கிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் டச்பேடையும் ஸ்பேஸ் விசைக்கு நேர் கீழே இடப்பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். சிலர் அழகுக்காகப் பெட்டியின் நட்டநடுவில் வைத்துவிடுவார்கள். அப்போது வலது உள்ளங்கை முழுசாக அதன் மேல் சம்மணம் போட்டுவிடும். ஜி, எச் விசைகளுக்கு நடுவே ஒரு கோடு இறக்கி, அது டச்பேடின் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று பாருங்கள்.

பாதிவரி:

பார்த்தேன். டச்பேடின் நடு, அந்தக் கோட்டிலிருந்து மூன்று விரற்கடை வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. இடது உள்ளங்கை முக்கால்வாசி வெளியேதான். வலது கை முழுவதும் உள்ளே.

இப்போது இன்னொன்றும் புரிகிறது. தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். வலது கை க அடித்துவிட்டு, இடது கை ஒ அடிக்கும் அந்த இடைவெளியில் கொஞ்சம் தளர்ந்து கீழே இறங்குகிறது. மொட்டை க எங்கிருந்து வருகிறது என்று மூன்று வாரமாக யோசித்தேன். வேறு விசைப்பலகை முறையில் அடிப்பவர்களுக்கு இப்படி நடக்கிறதா தெரியவில்லை, எனக்கு இது பொருத்தமாகவே இருக்கிறது.

"லோ" வைத்துவிட்டேன், அந்த இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டேன். நாலு நாள் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பழைய டைப்பிஸ்ட்:

அம்மாடி, நான் கணினி பிடிப்பதற்கு முன் இருபது வருடம் டைப்ரைட்டரில் அடித்தவள். அதில் மணிக்கட்டைக் கீழே வைக்க இடமே கிடையாது. விசைகள் படிக்கட்டு மாதிரி மேலே ஏறிக்கொண்டு போகும், கை அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் டீச்சர் ஸ்கேலின் விளிம்பால் தட்டுவார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. லேப்டாப்பில் ஒரு நாள்கூட என் கர்சர் ஓடியதில்லை.

உன்னைப் போல மடியில் வைத்து அடித்தால் கையை அந்தரத்தில் நிறுத்துவது நடக்காது என்பதும் தெரியும். மடியில் விசைப்பலகை உயரமாகப் போய்விடும், முழங்கை தாழ்ந்துவிடும், அப்புறம் மணிக்கட்டுக்குச் சாய வேறு இடம் ஏது? முதுகுக்கு ஒரு தலையணை கூட வைத்து நிமிர்ந்து உட்கார். முழங்கை விசைகளின் மட்டத்துக்கு வரட்டும். கை தானாக மேலே வரும்.

கடைசி பெஞ்ச்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லைதான், ஆனால் நான் எதையும் மாற்றவில்லை. ஐந்து வருட லேப்டாப். இரண்டு மாதமாகத்தான் டச்பேட் தானாகக் கிளிக் ஆகிறது, கையே வைக்காதபோதும். அழுத்தினால் முன்பு போல உள்ளே போவதில்லை, கல் மாதிரி இருக்கிறது. நானும் "லோ" வைத்தேன், பலன் இல்லை.

நட்டும்போல்ட்டும்:

கடைசி பெஞ்ச், படித்தவுடன் லேப்டாப்பை மூடி மேசை மேல் வையுங்கள். நாலு கால்களும் மேசையில் படிகிறதா, ஆடுகிறதா? பிறகு திறந்து, டச்பேடின் குறுக்கே ஒரு ஸ்கேலை நிற்க வைத்துப் பாருங்கள். நடு மேடாக இருக்கிறதா?

கடைசி பெஞ்ச்:

ஆடுகிறது. ஸ்கேல் வைத்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறது. டச்பேடின் ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்கு மேலே வந்திருக்கிறது. இது நேற்று வரை என் கண்ணில் படவில்லை.

நட்டும்போல்ட்டும்:

பேட்டரி உப்பியிருக்கிறது. நிறைய லேப்டாப்களில் கை வைக்கும் இடத்துக்கும் டச்பேடுக்கும் நேர் அடியில்தான் பேட்டரி படுத்திருக்கும். லித்தியம் பேட்டரி வயதாகிக் கெட்டுப்போகும்போது உள்ளே வாயு உண்டாகி, தலையணை மாதிரி வீங்கும். அது அடியிலிருந்து டச்பேடை முட்டுகிறது, அதனால்தான் தானாகக் கிளிக். இதற்கு எந்த அமைப்பும் மருந்தல்ல.

இப்போதே அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், இனி போட வேண்டாம். மேடான இடத்தை அமுக்கிச் சமமாக்கப் பார்க்காதீர்கள், பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். எளிதில் தீப்பற்றும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் அவரிடமே ஒப்படையுங்கள். ஒருவர் என்னிடம் கொண்டுவந்தபோது டச்பேட் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. "கொஞ்சம் கடினமாக இருக்கிறது, எண்ணெய் போட முடியுமா" என்று கேட்டார்.

கடைசி பெஞ்ச்:

அணைத்துவிட்டேன். இதை மொபைலில் அடிக்கிறேன். நன்றி அண்ணா, கை கொஞ்சம் நடுங்குகிறது.

பாதிவரி:

நாலு நாள் ஆயிற்று, கணக்கோடு வந்திருக்கிறேன். ஒரு தாளில் கர்சர் தாவும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். மாற்றுவதற்கு முந்தைய இரவு 23 கோடுகள். நேற்று இரவு 6. வரிகள் மொத்தமாக அழிவதும் மெனு விரிவதும் அறவே நின்றுவிட்டன. மொட்டை க ஒன்றுகூட இல்லை. அடித்து முடித்தவுடன் டச்பேடைத் தட்டினால் ஒரு கணம் கேட்காத மாதிரி இருக்கிறது, அதற்குப் பழகிக்கொள்ளலாம்.

அந்த ஆறுதான் விசித்திரம். ஆறில் ஐந்து, நான் அடிக்காதபோது நடந்தவை. சொல் தேடிக்கொண்டு சும்மா இருக்கும்போது. ஒரு வசவுக்கு வரி அளவில் அடங்குகிற, காரமும் குறையாத தமிழ்ச் சொல் யோசித்து ஒரு நிமிடம் அப்படியே இருந்தேன். சொல் கிடைத்த சந்தோஷத்தில் அடித்தேன், அது போன காட்சியில் பாட்டி பேசும் வசனத்தில் விழுந்தது. பாட்டி வாயில் அந்த வார்த்தை!

அடிக்கும்போது ஒழுங்காக இருப்பது, நிறுத்தினால் ஏன் தாவுகிறது?

பென்குயின் பக்கம்:

நான் லினக்ஸ்காரன், ஆனால் இந்தப் பகுதி எல்லா இடத்திலும் ஒரே கதைதான். அந்தக் காத்திருப்பு, நீங்கள் கடைசியாக அடித்த விசையிலிருந்துதான் எண்ணப்படுகிறது. லினக்ஸில் லிப்இன்புட் என்ற பகுதி இதைப் பார்த்துக்கொள்கிறது. தொடர்ந்து அடித்துவிட்டு நிறுத்தினால் அரை நொடிதான் கணக்கு. அதற்கு மேல் நீங்கள் அடிக்கவில்லை என்றால், அம்பை நகர்த்தப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு டச்பேட் விழித்துக்கொள்ளும். யோசிக்கிறீர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? மடியில் கை, கை அடியில் டச்பேட், தலைக்குள் பாட்டி. சொல் கிடைத்ததும் கையைத் தூக்கி வைக்கிறீர்கள், அந்தத் தொடுகை தட்டாகப் பதிவாகிறது. அதற்குப் பிறகுதான் முதல் விசை விழுகிறது.

தொடும் பரப்பின் அளவைப் பார்த்து இது உள்ளங்கை, இது விரல் என்று பிரிக்கவும் முயலும். அகலமாகப் பட்டால் ஒதுக்கிவிடும். ஆனால் கட்டைவிரல் மேட்டின் ஓரம் மட்டும் லேசாகப் பட்டால் அது விரல் அளவுதான்.

லினக்ஸில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: க்னோம், கேடிஇ என்ற திரைச்சூழல்கள் இரண்டின் டச்பேட் பக்கத்திலும் "அடிக்கும்போது டச்பேடை நிறுத்து" என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அநேகமாக ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கும். யூஎஸ்பி விசைப்பலகை இணைத்து அடித்தால் மட்டும் அது பொதுவாக வேலை செய்யாது. அங்கே கை டச்பேட் பக்கமே போகாது என்று ஊகித்துக்கொள்கிறது.

சும்மா ஒருவன்:

ஆக, யோசிக்காமல் மொழிபெயர்த்தால் பிரச்சினையே இல்லை. சில படங்களின் சப்டைட்டில் ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

பழைய டைப்பிஸ்ட்:

யோசிக்கும்போது கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொள் அம்மாடி. இதுகூடவா சொல்லித் தர வேண்டும்?

பாதிவரி:

தொடையில் லேப்டாப் இருக்கிறது அம்மா.

ஆனால் வழி கிடைத்துவிட்டது. நட்டும்போல்ட்டும் ஐயா, "தடுப்பது தூரம்தான்" என்று நீங்கள் எழுதியது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தையின் கைத்துண்டை நாலாக மடித்து, டச்பேடின் கீழ்ப்பாதியை மூடும்படி குறுக்கே போட்டேன். விசிட்டிங் கார்டு செய்யாததைத் துண்டு செய்துவிட்டது. உள்ளங்கை துண்டில் சாய்கிறது, டச்பேடுக்கு எதுவும் தெரிவதில்லை. மேல்பாதி வெறுமையாக இருப்பதால் விரலால் அம்பை நகர்த்தவும் தட்டவும் முடிகிறது. மணிக்கட்டும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் பாதி சந்தோஷம். மூன்று இரவில் மொத்தமே இரண்டு கோடுகள்.

அந்த இரண்டும் நேற்று அடுத்தடுத்து விழுந்தவை. அம்பு திரை முழுக்கக் குதித்தது. கையைத் தூக்கினேன், நிற்கவில்லை. லேப்டாப்பை மூடித் திறந்தேன், நிற்கவில்லை. பேட்டரியோ என்று ஸ்கேலைத் தேடப் போகும்போதுதான் துண்டைத் தொட்டேன். குழந்தை சாயங்காலம் முழுக்க அதை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறது, சொட்டச் சொட்ட ஈரம்.

நட்டும்போல்ட்டும்:

ஈரத்துணியும் மின்சாரத்தைக் கடத்தும் சகோதரி, டச்பேடுக்கு அது பெரிய விரல். துடைத்துவிட்டு வேறு துண்டு எடுங்கள். ஈரம் விசைகளுக்குள் இறங்கியதா என்றும் பாருங்கள்.

பாதிவரி:

பார்த்துவிட்டேன், இறங்கவில்லை. இப்போது எனக்கு ஒரு துண்டு, அவனுக்கு ஒரு துண்டு. என்னுடையதைத்தான் அவன் கேட்கிறான்.